இரண்டு அடுப்பும் ஒரு தொட்டிலும்

கொழும்பு வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஏதாவது ஒரு ஒழுங்கையில் இருக்கும் தொடர்மாடி வீட்டுக் குசினியை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பேர் நின்றால் மூன்றாம் ஆளுக்கு இடமில்லை. மேடையில் இரண்டு அடுப்புள்ள காஸ் குக்கர். கீழே ஒரு சிலிண்டர். கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில் பணம் எப்படி ஓடுகிறது என்பதை விளங்கிக்கொள்ள இந்தக் குசினியே போதும். இரண்டு அடுப்பும் இரண்டு சம்பளம். சிலிண்டர் கையிருப்பு. அடுப்பில் ஏறும் பானை சட்டிகள்தான் வாடகை, பிள்ளை, பரீட்சைக் கட்டணம், சொந்த வீடு, முதுமைக்கான சேமிப்பு எல்லாம்.

பிள்ளை வரப்போகிறது என்று தெரிந்த உடனே எல்லோரும் கேட்கும் கேள்வி, எவ்வளவு காசு வேண்டும் என்பது. அதைவிட முக்கியமான கேள்வி, எப்போது வேண்டும் என்பது. மாதக்கணக்கில் பார்த்தால் சமாளிக்கக்கூடிய குடும்பங்கள்கூடத் தடுமாறுகின்றன. புதுப் பானை அடுப்பில் ஏறும் அதே நேரத்தில் ஓர் அடுப்பு அணைகிறது, சிலிண்டரும் தீர்கிறது. இந்த மூன்றும் ஒரே மாதத்தில் வந்து விழாமல் பார்த்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

கணக்குக்காக ஒரு வீட்டை எடுப்போம். கணவன் கையில் எடுப்பது 130,000 ரூபாய், மனைவி 95,000. மொத்தம் 225,000. வாடகை 80,000. சாப்பாடு, காஸ், கரண்ட், பஸ், போன் எல்லாம் சேர்த்து 75,000. ஊரில் இருக்கும் பெற்றோருக்கு 15,000. ஆக 170,000. இதுதான் உலைப்பானை. மற்றச் சட்டிகளை இறக்கி வைக்கலாம், உலையை இறக்க முடியாது. மிச்சம் 55,000. கொட்டாஞ்சேனையில் ஜம்பட்டா வீதிப் பக்கம் இருப்பவர்களுக்கு வாடகை இதைவிடக் குறைவாக இருக்கலாம், சம்பளமும் வேறாக இருக்கலாம். உங்கள் இலக்கங்களைப் போட்டுப் பாருங்கள், கணக்கின் போக்கு மாறாது.

உலைப்பானையில் கவனிக்க வேண்டியது ஒன்று. வெள்ளவத்தையில் வாடகை வீட்டுக்கு ஆறு மாதம், ஒரு வருடம் என்று முற்பணம் கேட்பது வழக்கம். ஒப்பந்தம் புதுப்பிக்கும் திகதி பிரசவ மாதத்தில் வந்தால் அந்த முற்பணமும் வாடகை உயர்வும் வைத்தியசாலைச் செலவோடு முட்டும். ஐந்தாம் மாதமே வீட்டுக்காரரோடு பேசி அதை முன்னுக்கோ பின்னுக்கோ தள்ளிவிடுவது நல்லது. பிரசவத்துக்கு இரண்டு கிழமை இருக்கும்போது வீடு மாறுவதைவிடக் கொடுமை வேறில்லை.

அடுத்து பிள்ளையின் சட்டி. இது ஒரே அளவில் கொதிக்காது. முதலில் ஸ்கான், பரிசோதனை, மருந்து. பிறகு பிரசவம். அதன்பின் ஆறு மாதம், தாய்ப்பால் சரியாக அமைந்தால், செலவு நாங்கள் பயப்படும் அளவுக்கு இருக்காது. பம்பர்ஸ், துணி, தாய்க்குப் பத்தியக் கறி, சரக்கு, போக்குவரத்து. எங்கள் கணக்கில் மாதம் 30,000 என்று வைப்போம். பெரிய செலவு பிறகுதான் வரும்; அதற்குப் பிறகு வருகிறேன்.

பிரசவச் செலவு எவ்வளவு என்பது பெரும்பாலும் எங்கள் தெரிவு. காசல் வீதி மகளிர் வைத்தியசாலையும் 1879 இல் தொடங்கிய டி சொய்சா மகளிர் வைத்தியசாலையும் அரச வைத்தியசாலைகள். பிரசவத்துக்குக் கட்டணம் இல்லை. வெள்ளவத்தைக்காரருக்குக் களுபோவில வைத்தியசாலை கிட்ட. பிள்ளைக்குச் சுகமில்லை என்றால் சீமாட்டி றிஜ்வே சிறுவர் வைத்தியசாலை இருக்கிறது. இந்த நாட்டின் பொல்லாத காலங்களிலும் ஏழைத் தாயின் பிள்ளை பிழைத்ததற்கு இந்தக் கட்டடங்களும் வீடு தேடி வந்த குடும்ப நல உத்தியோகத்தர்களும்தான் காரணம். தனியார் வைத்தியசாலையில் தனி அறை, தெரிந்த டொக்டர், கணவன் பக்கத்தில் நிற்கும் வசதி வேண்டும் என்பது பிழையான ஆசை அல்ல. ஆனால் அந்த ஆசைக்காக நகையை அடகு வைக்க வேண்டி வந்தால், அரச வைத்தியசாலையை ஒருமுறை நேரில் போய்ப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள் என்றுதான் சொல்வேன்.

எங்கே பிரசவம் என்றாலும், உங்கள் பகுதி கிளினிக்கில் பதிவதை விடாதீர்கள். பிறந்த உடன் பி.சி.ஜி., இரண்டு, நான்கு, ஆறு மாதத் தடுப்பூசிகள், ஒன்பதாம் மாதம் சின்னமுத்துக்குச் சேர்த்துப் போடும் ஊசி எல்லாம் அரச சேவையில் இலவசம். பிள்ளையின் நிறை, உயரம், ஊசிகள் எல்லாம் ஏறும் பதிவுப் புத்தகமும் அங்கேதான். பிறப்பை 42 நாளுக்குள் பதிந்துவிட வேண்டும். சின்ன வேலைதான், ஆனால் முப்பத்தோராம் நாள் அலுவல்களுக்குள் அடிபட்டு மறந்துபோவதுண்டு.

முப்பத்தொன்று என்றதும் செலவு ஞாபகம் வரும். துடக்குக் கழிவு, பேர் வைப்பு, பிறகு பல்லுக்கொழுக்கட்டை. கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்க வீடுகளில் புனித லூசியாள் பேராலயத்தில் ஞானஸ்நானம், அதற்குப் பிறகு சாப்பாடு. பிள்ளை பிறக்கும் முன் உடுப்பு, தொட்டில் வாங்கக் கூடாது என்ற வழக்கமும் பல வீடுகளில் உண்டு. அதனால் புறக்கோட்டை கெய்சர் வீதிக்குப் போக வேண்டிய அலைச்சல் முழுவதும் பிரசவத்துக்குப் பிந்திய இரண்டு கிழமைக்குள் வந்து குவிகிறது. வழக்கத்தை மதிக்கலாம், பொருளை வாங்காமல் இருக்கலாம். காசை மட்டும் முன்கூட்டியே தனியாக எடுத்து வைக்கத் தடையில்லை. பட்டியலை ஆரிடம் கொடுத்து வாங்குவிப்பது என்பதையும் முன்பே பேசி வைக்கலாம்.

இனி அடுப்புக்கு வருவோம். தனியார் அலுவலகத்தில் வேலை செய்யும் தாய்க்குக் கடை, அலுவலக ஊழியர் சட்டப்படி 84 நாள் முழுச் சம்பள விடுமுறை. வாராந்த விடுமுறை, போயா, அரச விடுமுறை நாட்கள் இதில் சேரா. எனவே நாட்காட்டியில் மூன்றரை மாதத்துக்கும் நான்கு மாதத்துக்கும் இடையில் வரும். 2018 வரை மூன்றாவது பிள்ளை என்றால் 42 நாள்தான். அந்த வருடத் திருத்தத்தோடு எல்லாப் பிள்ளைக்கும் ஒரே அளவாயிற்று. அரச உத்தியோகத்தருக்கு முழுச் சம்பள 84 நாளுக்குப் பிறகு அரைச் சம்பளத்தில் 84 நாளும், சம்பளமில்லாமல் 84 நாளும் எடுக்கலாம். தகப்பனுக்கு அரச துறையில் மூன்று நாள். தனியார் துறையில் சட்டம் ஒன்றும் தரவில்லை. இது பெரிய குறை. அது தீரும்வரை, தகப்பன் தன் 14 நாள் வருடாந்த விடுமுறையையும் 7 நாள் தற்செயல் விடுமுறையையும் காசைப் போலவே சேர்த்து வைக்க வேண்டும். நல்லூர்த் திருவிழாவுக்கும் நண்பன் கலியாணத்துக்கும் அதை முடித்துவிட்டு, பிள்ளை பிறந்த மூன்றாம் நாள் வேலைக்கு ஓடாதீர்கள்.

இப்போது எங்கள் வீட்டின் கணக்கு. சம்பள விடுமுறை உள்ள நான்கு மாதமும் வரவு 225,000, செலவு 200,000. தொல்லையில்லை. அடுப்பு இரண்டும் எரிகின்றன. நான்கு மாதப் பிள்ளையை விட்டுவிட்டுப் போக மனம் வராமல் மூன்று மாதம் சம்பளமில்லா விடுமுறை எடுக்கிறாள் என்று வைப்போம். வரவு 130,000, செலவு 200,000. மாதம் 70,000 துண்டு விழுகிறது. மூன்று மாதத்துக்கு 210,000. இதற்குத்தான் கர்ப்பகாலத்திலேயே ஆயத்தம் வேண்டும். நான்காம் மாதத்திலிருந்து ஒன்பதாம் மாதம்வரை அவளுடைய சம்பளத்தில் பாதியை, அதாவது 47,500 ரூபாயை, தொடாமல் வைத்தால் ஆறு மாதத்தில் 285,000 சேரும். துண்டு விழும் 210,000 போக 75,000 மிச்சம். முப்பத்தொன்றையும் கெய்சர் வீதியையும் அதற்குள் அடக்கலாம். இந்தச் சேமிப்பு இன்னொரு நன்மையும் செய்கிறது. ஒன்றரைச் சம்பளத்தில் வாழ்ந்து பழகிவிடுவீர்கள். எங்கே இறுக்குகிறது என்பது பிள்ளை வரும் முன்னமே தெரிந்துவிடும்.

மேலதிக சிலிண்டர், அதாவது அவசரக் கையிருப்பு, இதிலிருந்து வேறு. 2022 ஐக் கொழும்பில் கழித்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. 2021 ஒக்டோபர்வரை 1,493 ரூபாயாக இருந்த 12.5 கிலோ லிட்ரோ சிலிண்டர் அந்த மாதம் 2,675 ஆகி, 2022 ஏப்ரலில் 4,860 ஆயிற்று. அந்த விலைக்கும் கிடைக்கவில்லை. நாலாம் மாடியில் விறகு மூட்ட முடியாது. மின் அடுப்பு வைத்திருந்தவர்களுக்கு, மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம்வரை மின்வெட்டு. செப்டெம்பரில் கொழும்பின் பணவீக்கம் 69.8 வீதம், உணவுக்கு மட்டும் 94.9. அந்த வருடமும் பிள்ளைகள் பிறந்தன. பச்சை உடம்புக்காரிக்குச் சுடுதண்ணீர் வைக்க அயல்வீட்டு அடுப்பைத் தேடிப் போன வீடுகள் உண்டு. அன்று ஒரு முழுச் சிலிண்டர் மூலையில் இருந்த வீட்டுக்கும் இல்லாத வீட்டுக்கும் இருந்த வித்தியாசம், சம்பளத்தின் அளவில் இருந்த வித்தியாசம் அல்ல.

எனவே மூன்று மாத உலைப்பானைச் செலவு, எங்கள் வீட்டுக்கு 510,000, கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். ஒரே நாளில் சேராது. இரண்டு வருடம் பிடித்தாலும் பரவாயில்லை. சேமிப்புக் கணக்கிலும் உடைக்கக்கூடிய குறுகிய கால நிலையான வைப்பிலும் பிரித்து வையுங்கள். நகையாக வைக்க வேண்டாம். செட்டியார் தெருவில் சங்கிலி வாங்கும்போது கொடுத்த செய்கூலியும் சேதாரமும் விற்கும்போது திரும்பி வராது. அடகு வைத்தால் வட்டி. லண்டன் அண்ணாவும் கனடா அக்காவும் அனுப்பும் காசு வந்தால் சந்தோஷம். அதை நம்பி உலை வைக்கக் கூடாது. அவர்களுக்கும் அங்கே வீட்டுக்கடன் இருக்கிறது.

சீட்டு நல்ல வழிதான், ஆள் நம்பிக்கையானவராக இருந்தால். கொட்டாஞ்சேனையில் எத்தனையோ பிள்ளைகளின் தொட்டிலும் பள்ளிக்கூடச் சப்பாத்தும் சீட்டுக் காசில் வந்தவை. ஆனால் மேலதிக சிலிண்டரைச் சீட்டில் வைக்கக் கூடாது. குலுக்குச்சீட்டில் உங்கள் பெயர் எந்த மாதம் விழும் என்று தெரியாது. ஏலச்சீட்டில் அவசரத்துக்கு எடுத்தால் கழிவு அதிகம். திகதி தெரிந்த செலவுக்கு, உதாரணமாக வாடகை முற்பணத்துக்கு, அதை வைத்துக்கொள்ளலாம்.

இனிச் சொல்வதுதான் இதை எழுதவே தூண்டியது. எங்கள் வீடுகளில் பிள்ளை பிறக்கும் காலத்தில் இப்படி ஒரு பேச்சு நடக்கும்:

“பிள்ளை, இனி என்னத்துக்கு வேலை? எழுதிக் குடுத்திட்டு இரும். அந்த ஈ.பி.எவ். காசை எடுத்தாக் குழந்தைக்குச் சங்கிலியும் காப்பும் செய்யலாம்.”

“மாமி, அது எனக்கு அம்பது வயசில வரவேண்டிய காசெல்லோ?”

“அம்பது வயசை ஆர் கண்டது? இப்ப பிள்ளையைப் பாரும்.”

மாமி கெட்டவர் அல்லர். அவர் சொல்வதற்குச் சட்டத்தில் இடமும் இருக்கிறது. திருமணத்துக்காக வேலையை விடும் பெண், திருமணத்துக்கு முந்திய மூன்று மாதத்துக்குள்ளோ பிந்திய ஐந்து வருடத்துக்குள்ளோ விலகினால், ஊழியர் சேமலாப நிதியை வயதுக்கு முன்னமே எடுக்கலாம். மற்றப்படி பெண்ணுக்கு 50, ஆணுக்கு 55. 1958 இல் இந்த நிதி தொடங்கிய காலத்தில் பெண்ணின் சம்பளம் கலியாணம்வரைக்கும்தான் என்று நினைத்திருப்பார்கள். இன்று அந்த வாசல் முதல் பிள்ளை பிறக்கும் நேரத்தில் சரியாகத் திறந்திருக்கிறது. எத்தனையோ பெண்கள் அதனூடே வெளியே போய் வெறுங்கையோடு முதுமைக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள்.

இந்தச் சட்டி பின்பக்கத்தில் மெல்ல வேகிற சட்டி. அவளுடைய அடிப்படைச் சம்பளம் 80,000 என்றால், அவள் பங்கு நூற்றுக்கு 8 வீதம் 6,400, முதலாளி பங்கு 12 வீதம் 9,600. மாதம் 16,000. ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளி கட்டும் 3 வீதம், 2,400, அதற்கு மேல். 28 வயதில் கணக்கில் 8 இலட்சம் இருக்கிறது என்று வைப்போம். வருடம் 8 வீதம் வளர்ந்தால், புதிதாக ஒரு சதம் போடாமலே 50 வயதில் 43 இலட்சத்துக்கு மேல் வரும். விலைவாசி அதில் ஒரு பகுதியைத் தின்னும். 2022 இல் மிக மோசமாகத் தின்றது. அப்படி இருந்தும் சங்கிலியும் காப்பும் அதற்கு ஈடாகா. மெல்ல வேகிறதை நடுவில் திறந்து அள்ளினால் மிஞ்சுவது அரைவேக்காடு.

இப்போது முன்பு சொன்ன பெரிய செலவு. அவள் வேலைக்குத் திரும்புகிறாள். பகல்நேரப் பராமரிப்பு நிலையத்துக்கோ வீட்டுக்கு வந்து பிள்ளை பார்க்கும் அம்மாவுக்கோ மாதம் 35,000 என்று வையுங்கள். வரவு 225,000, செலவு 235,000. இரண்டு அடுப்பும் எரியும்போதும் 10,000 துண்டு விழுகிறது! இந்த மாதத்தில்தான் பல வீடுகளில் அந்த வாக்கியம் வருகிறது: “உன்ர சம்பளத்தில முக்காவாசி பிள்ளை பார்க்கிறவைக்கும் பஸ்ஸுக்கும் போகுது, பேசாம நில்லன்.”

இந்தக் கணக்கு இரண்டு இடத்தில் பிழை. பிள்ளை இரண்டு பேருடையதும். பராமரிப்புச் செலவைத் தாயின் சம்பளத்திலிருந்து மட்டும் கழிப்பதற்கு நியாயம் எதுவும் இல்லை. இரண்டாவது, கையில் வரும் 95,000 மட்டுமா அவளுடைய வேலை? மாதம் 18,400 இரண்டு நிதிகளுக்கும் போகிறது. அடுத்த பதவி, அடுத்த உயர்வு, வேலை அனுபவத்தில் இடைவெளி விழாமை இவையெல்லாம் அந்த அடுப்பில்தான் இருக்கின்றன. பிள்ளை பாலர் பாடசாலைக்குப் போனதும் 35,000 குறையும். ஐந்து வருடம் விட்ட வேலை அதே படியில் காத்திருக்காது.

வரியையும் பாருங்கள். 2025 ஏப்ரலிலிருந்து வருடம் 18 இலட்சம்வரை, அதாவது மாதம் 150,000 வரை, வருமான வரி இல்லை. இந்த விலக்கு ஆளுக்கு ஆள் தனித்தனி. கணவன், மனைவி ஆளுக்கு 150,000 உழைத்தால் வரி பூச்சியம். “நீ நில், நான் கூட உழைக்கிறன்” என்று ஒருவரே 300,000 உழைத்தால் மாதம் சுமார் 18,500 வரி. ஓர் அடுப்பில் இரட்டை நெருப்பு வைத்தால் காஸ் கூடத்தான் எரியும்.

படிப்பிலும் அடுப்பை அணைக்காமல் நெருப்பைத் தணித்து வைக்கலாம். ஏ.சி.சி.ஏ., சிமா என்ற கணக்கியல் பரீட்சைகளுக்குப் படிக்கும் பெண்கள் வெள்ளவத்தையில் ஒழுங்கைக்கு ஒழுங்கை இருக்கிறார்கள். கட்டணம் பவுண்ஸில். கர்ப்பகாலத்தில் இறுதிக் கட்டத்தின் நான்கு பாடத்தையும் முடித்துவிடலாம் என்று முட்டிமோதுவதும், பிள்ளை பள்ளிக்கூடம் போனபிறகு பார்ப்போம் என்று மூடி வைப்பதும் இரண்டும் செலவுதான். ஏ.சி.சி.ஏ. இறுதிக் கட்டத்தில் முதல் பாடம் சித்தியடைந்ததிலிருந்து ஏழு வருடத்துக்குள் மற்றவற்றை முடிக்க வேண்டும். வருடச் சந்தாவும் நிற்காது. மார்ச், ஜூன், செப்டெம்பர், டிசெம்பர் என்று வருடம் நான்கு தடவை பரீட்சை இருப்பதால், வருடத்துக்கு ஒரு பாடம் போதும். அந்த ஒரு பாடத்துக்கான கட்டணத்தை உலைப்பானைக்குள் சேர்த்துவிட வேண்டும், மிச்சம் வந்தால் பார்க்கலாம் என்று விடக்கூடாது. படிக்கிற இரண்டு மணித்தியாலம் பிள்ளையைத் தூக்கி வைத்திருப்பது தகப்பனின் பங்கு.

எங்கள் வீட்டின் 10,000 துண்டு எங்கே அடைபடும்? ஊருக்கு அனுப்பும் காசில் கை வைக்க வேண்டாம். வாடகைதான் பெரிய பானை. காலி வீதியிலிருந்து இரண்டு பஸ் தரிப்பு தள்ளி, தெஹிவளைப் பக்கம், அதே இரண்டு அறை குறைந்த வாடகைக்குக் கிடைக்குமா என்று விசாரியுங்கள். ஆனால் வீடு மாறுவதாக இருந்தால் பிள்ளைக்கு ஒரு வயதாகும் முன் மாறிவிடுங்கள். அரச பாடசாலையில் முதலாம் தரத்துக்குச் சேர்க்கும்போது, ஜனவரி 31 இல் ஐந்து வயது நிறைந்திருக்க வேண்டும். பாடசாலைக்குக் கிட்ட வசிப்பவர் என்ற பிரிவில் விண்ணப்பித்தால், முந்திய ஐந்து வருடம் அந்த முகவரியில் பெற்றோர் வாக்காளர் இடாப்பில் இருந்தார்களா என்று பார்த்துத்தான் புள்ளி போடுகிறார்கள். வாடகை ஒப்பந்தமும் பதிந்ததாக இருக்க வேண்டும். பல பேர் யாழ்ப்பாணத்து முகவரியிலேயே வாக்கை வைத்துக்கொண்டு, பிள்ளைக்கு நாலரை வயதாகும்போது கிராம சேவகரைத் தேடி ஓடுகிறார்கள். வாக்காளர் பதிவுப் படிவத்தை நிரப்ப ஒரு சதமும் செலவில்லை. தொட்டில் வாங்கும் மாதமே செய்யலாம்.